குறை ஏதும் இல்லை என்ற வரி

செஞ்சியில் நாங்கள் முதன்முதலாகக் குடியேறிய வீட்டுக்குச் சுவர் மூன்றுதான். நாலாவது பக்கம் பாறை. மலையடியில் இடத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். பெரிய பாறையாகப் பார்த்து, இரண்டு பக்கச் சுவரையும் அதன்மேல் கொண்டுபோய் முட்டவைத்து, மேலே ஓடு வேய்ந்து, பாறைக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். உள்ளே வந்து நிற்கிறவனுக்கு அது பாறை என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

நாங்கள் அதைப் பார்க்கப் போனது சித்திரை மாதம். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போனோம். செஞ்சி வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. மூன்று பக்கமும் மலை, மலை முழுக்கக் கல், எல்லாக் கல்லும் சேர்ந்து அடிக்கும். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். முன்னறை சின்னது, இரண்டு பேர் படுக்கலாம். உள்ளறைக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்துவிட்டது. நைனா பாறையின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை.

"சில்லுனு இருக்குது" என்றார்.

வீட்டுக்காரர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வாசலில் நின்றபடியே சொன்னார். "ஊட்டிக்கிப் போறவன் செலவு பண்ணிக்கினு போறான். உனக்கு வூட்டுக்குள்ளயே இருக்குது ஊட்டி."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். காலி செய்துகொண்டிருந்த பழைய குடித்தனக்காரரும் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மூட்டைக்குள் கையை விட்டு, ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "நீ கைய வுட்டுப் பாத்துச் சொல்லுப்பா, இது காஞ்ச நெல்லா, காயவெச்ச மாரி நடிக்கிற நெல்லா?" அந்தக் கைதான் அன்றைக்குப் பாறையைத் தொட்டது. ஈரம் என்று அது சொல்லத்தான் சொன்னது. வெயிலில் வந்தவருக்கு அது சுகம் என்று கேட்டது.

போக்கியத்துக்குத்தான் பேசினோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகையில்லை. கெடு முடிந்து காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வந்துவிடும். வல்லத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்த மல்லாட்டைக் கொல்லையை, வேர்க்கடலை விளைகிற நிலத்தை, விற்றுத்தான் கொடுத்தோம். கொல்லையை விற்றதும் என்னால்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். "படிச்ச புள்ளயக் கொல்லியில வெச்சிக்கினு இன்னா பண்றது? டவுன்ல இருந்தா டைப்பு கிளாசுக்குப் போவான், நாலு ஆபீசுல ஏறி எறங்குவான்" என்று நைனா முடிவு செய்தார். ஊரில் இருந்த கூரை வீட்டைச் சித்தப்பாவுக்கு விட்டுவிட்டோம். மூன்று வருஷத்தில் எனக்கு வேலை, போக்கியப் பணம் திரும்பி வந்ததும் அக்காவுக்கு இன்னும் செய்ய வேண்டிய சீர். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

பத்திரம் எழுதுகிறவரின் கொட்டகையில் கையெழுத்து. எழுதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "படிச்சிக் காட்டட்டா?" என்றார்.

"எம்புள்ள படிப்பான்" என்றார் நைனா.

அதைச் சொல்வதற்காகவே அவர் அன்றைக்கு மண்டிக்குப் போகாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு படிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. முத்திரைத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் படிப்பதுபோலப் படித்தேன். 'மேற்படி வீட்டை நாங்கள் நேரில் வந்து பார்த்து, குறை ஏதும் இல்லை என்று மனப்பூர்வமாகத் திருப்தியடைந்து' என்று ஒரு வரி வந்தது. 'கெடுவுக்கு முன் காலி செய்ய நேர்ந்தால், எங்கள் பொறுப்பிலேயே வேறு ஆள் அமர்த்தி, அவர்களிடமிருந்தே எங்கள் தொகையைப் பெற்றுக்கொள்வதாகவும்' என்று இன்னொரு வரி வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டினேன். அந்தத் தமிழ் எனக்குப் பிடித்திருந்தது. மேற்படி, மனப்பூர்வமாக, கெடு. ஒவ்வொன்றையும் அழுத்தி உச்சரித்தேன்.

"நிறுத்தாம படிக்கிறான் பாரு" என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

நைனா கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். விரலைத் துடைத்துக்கொள்ளாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்துப் பத்திரம் படித்திருப்பேன்.

அன்றைக்கே எங்கள் பணம் வீட்டுக்காரர் கையைத் தொடாமல் பழைய குடித்தனக்காரரின் பைக்குள் போயிற்று. இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

குடிபோன அன்று பக்கத்து வீட்டுப் பாயம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கணவர் பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். பாயம்மா எங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு, "கீழ எதுவும் வைக்காதீங்கக்கா. எல்லாத்தயும் பலக மேல ஏத்திடுங்க" என்றார்.

"எலி ஜாஸ்தியா?" என்று அம்மா கேட்டாள்.

"எலியும்தான்" என்றார் பாயம்மா.

ஆடி முடிந்ததும் அக்காவுக்கு வளைகாப்பு போட்டு அனந்தபுரத்திலிருந்து கூட்டிவந்தோம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குழந்தை, ஆஸ்பத்திரியில் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாம் கனம் என்றார்கள். உள்ளறையில், பாறையை ஒட்டி, பழைய புடவையில் தூளி கட்டினோம். வெயில் இன்னும் இருந்தது. அந்த இடம்தான் குளிர்ச்சி.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது, ஓடு ஒழுகவில்லை. "பாத்தியா, நம்ம ஊர்க் கூரயா இருந்தா இந்நேரம் சட்டி வெச்சிக்கினு நிப்போம்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். நாலாம் நாள் மழை விட்டது. மதியம் டைப்பு கிளாஸிலிருந்து திரும்பி வந்தேன். உள்ளறையில் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர்.

மேலே மழை நின்ற பிறகுதான் அது வரும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மலை குடித்த தண்ணீர் மெதுவாக இறங்கி, பாறைக்குள் இருந்த வெடிப்புகள் வழியாக வந்து, பாறையும் தரையும் சேருகிற கோட்டில் கொப்பளித்தது. பாறைமேல் அடித்திருந்த சுண்ணாம்பு அப்பளம்போல உப்பி உப்பி விழுந்தது. அடியில் கறுப்பாகப் பாசி. புதிதாக வந்த பாசி இல்லை. பல மழைக்காலமாக அங்கேயே இருந்து, ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பாசி. 

முதல் நாள் முறத்தால் வாரிக் கொட்டினோம். மறுநாளும் வாரினோம். மூன்றாம் நாள் நைனா மண்டியிலிருந்து உளியும் சுத்தியும் வாங்கிவந்து, பாறையின் அடியிலிருந்து உள்ளறை, முன்னறை வழியாக வாசல்வரை, சிமெண்டுத் தரையில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். தண்ணீர் வீட்டுக்கு நடுவில் ஓடி வாசல் சாக்கடையில் விழுந்தது. முன்னறையில் சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பக்கம் நைனா, அந்தப் பக்கம் நான், நடுவில் ஓடை. நைனாதான் சொன்னார், "ஆத்தோரமா வூடு கட்டி இருக்கிறோம்டா நாம" என்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளம் குறைந்தது, ஈரம் குறையவில்லை. துணி காயவில்லை. தீப்பெட்டி உரசினால் மருந்து கரைந்து குச்சியோடு வந்தது. என் சான்றிதழ்களில் பூஞ்சை பிடித்தது, அவற்றைப் பாயம்மா வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். குழந்தைக்கு முதலில் மூக்கு அடைத்தது. பிறகு மார்பில் ஒரு சத்தம் வந்தது, காய்ந்த இலையை மடிப்பதுபோல. கார்த்திகை பிறந்தபோது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதன் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய் வந்தது. பால் குடிக்க ஆரம்பிக்கும், மூச்சு போதாமல் விட்டுவிட்டு அழும். அழவும் மூச்சு போதாது. அக்கா அதை ராத்திரியும் பகலும் தோளில் சாத்தி வைத்துக்கொண்டே இருந்தாள். படுக்கவைத்தால் இழுப்பு அதிகமாகிவிடும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க படுக்க வைக்கிறீங்க?" என்றார். அம்மா சொன்னாள்.

"மருந்து நான் குடுப்பேன். வீட்டை நான் குடுக்க முடியுமா? முதல்ல அந்த எடத்துலேருந்து வெளிய கொண்டு போங்க. இன்னொரு மழையைத் தாங்காது இது."

இன்னொரு மழை என்பது பத்து நாளில் வரலாம், நாளைக்கே வரலாம். அக்காவை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்தான். ஆனால் குழந்தைக்கு ஐந்தாம் மாதம், தொட்டிலும் வெள்ளி வளையலும் வைத்து அனுப்புவதுதான் வழக்கம். மூன்று மாதம்கூட ஆகாமல், வெறுங்கையோடு, இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தையோடு அனுப்பினால் அவள் ஆயுசுக்கும் அங்கே பேச்சு வாங்குவாள். வாங்கினாலும் பரவாயில்லை என்று அம்மா சொன்னாள். அக்காதான் மாட்டேன் என்றாள். "பொண்ணப் பெத்து, அதயும் நோவாப் பெத்தியான்னு கேப்பாங்கம்மா. நான் இங்கியே செத்துப் போறன்." ஊரில் இருந்த கூரை வீடு அந்த மழையில் சரிந்துவிட்டது என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பாயம்மா தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். அங்கே ஒரே அறையில் ஏழு பேர். பகலில் மட்டும் அக்கா அங்கே போய் உட்கார்ந்தாள்.

நானும் நைனாவும் பாத்திரக்கடைக்குப் போனோம். வீட்டுக்காரர் ஓர் அண்டாவைத் தட்டித் தட்டி யாருக்கோ சத்தம் காட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வூட்ல தண்ணி வருது" என்றார் நைனா.

"பைப்பே போடலியே நான். தண்ணி எப்புடிப்பா வருது?" என்றார். அண்டா வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பாறயிலேந்து வருது மொதலாளி. தரயெல்லாம் ஓதம். பச்ச கொழந்த இருக்குது, மூச்சுவுட முடியாம கஸ்டப்படுது."

"மழகாலத்துல தண்ணி வராம பாலா வரும்? அந்தப் பாறய இன்னா நானா உருட்டிக்கினு வந்து வெச்சன்? கோட்ட கட்டன ராசா இருந்தா அவருகிட்ட போயிக் கேளு."

"பணத்தக் குடுத்துடுங்க. நாங்க காலி பண்ணிடறோம்."

"பணமா? பணம் எங்கிட்ட பணமாவா இருக்குது?" கையை வீசி, கடையைச் சுற்றிக் காட்டினார். "எல்லாம் இப்புடித்தான் கெடக்குது. வேணும்னா நாலு அண்டாவ எடுத்துக்கினு போ. அதுலயே குடித்தனம் பண்ணு."

பிறகு மேசை அறையைத் திறந்து எங்கள் பத்திரத்தை எடுத்து, நைனாவிடம் இல்லை, என்னிடம் நீட்டினார். "நீதான படிச்ச அன்னிக்கி? படி. எல்லாரும் கேக்கட்டும்."

நான் படித்தேன். அதே வரிகள். குறை ஏதும் இல்லை என்று மனப்பூர்வமாக. எங்கள் பொறுப்பிலேயே வேறு ஆள் அமர்த்தி. ஏழு மாதத்துக்கு முன்பு நான் அழுத்தி உச்சரித்த சொற்களை இப்போது வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். "சத்தமா படி, படிச்ச புள்ள" என்றார் அவர். சத்தமாகப் படித்தேன்.

"ஆளக் கொண்டா. அவன்கிட்ட பணத்த வாங்கிக்கினு நீ போயிக்கினே இரு. நான் வேணாங்கலியே" என்றார். நாங்கள் படியிறங்கும்போது, "ஏய், நில்லு. தரய வெட்டனது யாரு? அத மூடிட்டுத்தான் போவணும்" என்றார்.

பஜார் வழியாகத் திரும்பினோம். நைனா டீக்கடையைத் தாண்டிய பிறகு சொன்னார், "அன்னிக்கி நீ படிச்சப்போ அதெல்லாம் என் காதுல வுழுந்துதுடா. எவ்ளோ நல்லா படிக்கிறன்னுதான் கேட்டுக்கினு இருந்தன்."

ஆள் தேடுவதற்கு எங்களுக்கு இருந்தது கார்த்திகையின் மிச்ச நாட்கள்தான். மார்கழியில் யாரும் குடிமாற மாட்டார்கள். காலி செய்யவும் மாட்டார்கள், பால் காய்ச்சவும் மாட்டார்கள். மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் ஒரு மாதம் அந்தப் பாறைக்குள்தான். அந்த ஒரு மாதம் குழந்தைக்கு இல்லை.

நல்லவேளையாக வானம் வெறித்தது. நைனா மண்டியிலிருந்து மல்லாட்டைத் தோல் இரண்டு கோணி கொண்டுவந்தார். இரும்புச் சட்டிகளில் போட்டு, பாறையை ஒட்டி வரிசையாக வைத்துக் கனலவிட்டோம். அக்காவும் குழந்தையும் நாள் முழுக்கப் பாயம்மா வீட்டில். நாங்கள் கண் எரிய எரியப் பாறையைச் சுரண்டினோம். பாசி வழிந்து வந்தது. கால்வாயை நைனா சிமெண்டு பூசி மூடினார், பழைய தரையின் நிறம் வர அடுப்புக்கரி கலந்தார். அவ்வளவு சுத்தமாக அவர் வேறெந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. நான் சுண்ணாம்பு அடித்தேன். கொஞ்சம் நீலம் கலந்து, இரண்டு பூச்சு. முடித்துவிட்டுப் பார்த்தபோது வீடு நாங்கள் சித்திரையில் பார்த்த வீடாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய குடித்தனக்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கும் சுண்ணாம்பு வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

பாயம்மாவிடம் கேட்டேன். "அவங்களும் இப்புடித்தான் போனாங்களா?"

"அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும்" என்றார். "நான் உங்ககிட்ட சொல்லலியேன்னு நெனைக்காத தம்பி. வர்றவங்ககிட்ட சொல்லிட்டா போறவங்க எப்புடிப் போவாங்க? உங்களுக்கு முன்னாடி இருந்த அம்மாவுக்குக் காலு வீங்கி நடக்கவே முடியாம இருந்துது."

பனமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பஸ் நிலையத்தில் சைக்கிள் கடை போட இடம் பிடித்திருந்தார். அண்ணன் வீட்டில் சண்டை, மார்கழிக்குள் வெளியேறியே ஆக வேண்டும். பெண்சாதியின் இடுப்பில் ஒரு குழந்தை, எங்கள் குழந்தையைவிட ஐந்தாறு மாதம் மூத்தது. கீழே இரண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் நேராக உள்ளறைக்குப் போய்ப் பாறையின்மேல் கையை வைத்தார். எல்லாரும் அங்கேதான் கையை வைப்பார்கள் போலிருக்கிறது. காலைவரை சட்டிகள் கனன்ற இடம்.

"கதகதப்பா இருக்குது, பனிக்கி நல்லதுதான்" என்றார்.

நைனா வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னாது, பொக வாசன?" என்றாள்.

"மல்லாட்டத் தோலும்மா. கொழந்தயக் குளிப்பாட்டிப் பொக போட்டோம்" என்றாள் அம்மா. என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சரளமாக வந்தது என்று பயந்துபோனேன்.

பத்திரக் கொட்டகையில் அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "நீ படி தம்பி. எழுதறவரு படிச்சா எனக்கு ஒண்ணும் வெளங்காது. நீ படிச்ச புள்ளன்னு சொன்னாங்க."

நான் எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்துகொண்டே படித்தேன். அந்த வரி வந்தபோது மெதுவாகப் படித்தேன். குறை... ஏதும்... இல்லை. யாராவது நிறுத்திக் கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்டுவிடக் கூடாது என்றும் நினைத்தேன். குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கேட்டாள்.

"இரு தம்பி. கொறன்னா, இன்னா கொற?"

வீட்டுக்காரர்தான், "ஒண்ணுமில்லம்மா, எல்லாப் பத்திரத்துலயும் எழுதறதுதான்" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவன் சொல்லட்டும் என்று.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், எழுதுவதுதான் என்கிற மாதிரி ஆட்டினேன். பாயம்மா வீட்டில் அக்காவின் தோளில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்த குழந்தையை நினைத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதலாம். நினைத்தேன்தான். ஆனால் தலையை ஆட்டிய அந்த நேரத்தில் என் மனதில் எதுவுமே இல்லை. சீக்கிரம் முடிய வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலி செய்தோம். அரிசி மில்லுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை, மாத வாடகை. மில்லின் அனல் சுவர் வழியாக வரும், நாள் முழுக்கத் தவிட்டுத் தூசு, சத்தத்தில் பேச முடியாது. ஆனால் காய்ந்த இடம். அங்கே போன ஐந்தாம் நாள் குழந்தை கீழே படுத்துத் தூங்கியது. அக்கா அதன் பக்கத்தில் விழுந்து, மில் ஓடுகிற சத்தத்திலேயே, மதியம்வரை எழுந்திருக்காமல் தூங்கினாள்.

மார்கழி முதல் வாரத்தில் மறுபடியும் மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாளில் விட்டது. விட்டதும் அம்மா, "இனிமேதான் வரும்" என்றாள். யாருக்கு, எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் டைப்பு கிளாசுக்குப் பஸ் நிலையம் வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் அறை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வெளியே வந்தால் அந்த மனிதர். மண்டியில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். நைனா வேலைக்குப் போயிருந்தார். நான் சட்டையில்லாமல் நின்றேன். அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்தக் கால்வாய மூடனது உங்க நைனாவா?" என்றார்.

"ஆமா."

"நல்லா மூடியிருந்தாரு. நான் திரும்ப வெட்டறதுக்கு ரெண்டு நாளு ஆச்சி." கையைப் பார்த்துக்கொண்டார். "இப்ப மறுபடியும் மூடிட்டன்."

எனக்குப் புரிந்துவிட்டது. "கொழந்த எப்புடி இருக்குது?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "இழுக்குது" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், உதவி கேட்கிற குரலில் சொன்னார். "ஆளு கெடச்சிடுச்சி தம்பி. இன்னிக்கி எழுதறோம். நீ வந்து படிக்கணும். அன்னிக்கி நீ படிச்சப்போ எனக்கு எம்மாம் நம்பிக்கயா இருந்துது தெரியுமா? இவங்களும் படிக்காதவங்கதான்."

நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே போய், எழுந்து நின்று, உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பல் குழந்தை அடுத்த மழைவரைக்கும் அங்கேயே இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டேன். அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவர், கடைக்கு வேண்டிய காற்றடிக்கும் பம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

கொட்டகையில் அவர் பெண்சாதி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தோளில் சாத்தி வைத்திருந்தாள். அது எங்கள் அக்கா வைத்திருந்த விதம். அந்தச் சத்தம் எனக்கு அங்கிருந்தே கேட்டது. என்னைப் பார்த்து அவள், "வா தம்பி" என்றாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இந்த வாட்டி நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

வீட்டை எடுக்க வந்தவர்கள் வயதான புருஷன் பெண்சாதி. வந்தவாசிப் பக்கம். கூடக் குழந்தை இல்லை என்று பார்த்து ஒரு நிமிஷம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பத்திரம் எழுதுகிறவர் தாளை என்னிடம் கொடுத்தார்.

படித்தேன். மேற்படி வீட்டை நாங்கள் நேரில் வந்து பார்த்து என்பதுவரை வந்தபோது பெரியவருக்கு இருமல் பலமாக வந்தது. கையைத் தூக்கி, இரு என்று சைகை காட்டினார். இருமல் நிற்கும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் துண்டை எடுத்துவிட்டு, "இப்ப படிப்பா" என்றார். மீதியைப் படித்தேன்.